சாம்ப்ளரைக் கணினியில் பதியும்போது வரும் கோளாறுகள்: காதில் விழுவதை வைத்து இடம் பிடிப்பது

கையடக்க சாம்ப்ளரில், அதாவது ஒலித்துண்டுகளை (சாம்பிள்களை) வைத்துத் தாளம் அமைக்கும் கருவியில், ஹெட்போனை மாட்டிக் கேட்டால் பீட் அருமையாக இருக்கிறது. கணினியில் பதிந்து கேட்டால் கிக் (தாழ்ந்த டிரம் அடி) காணோம், அல்லது வலது பக்கம் காணோம், அல்லது எல்லாம் இருந்தும் பின்னால் ஒரு ரீங்காரம் ஓடுகிறது. இந்த இடத்தில் பலரும் முதலில் கை வைப்பது மென்பொருளின் செட்டிங்ஸில்தான். கடைசியாகத் தொட வேண்டியது அது. குறை எப்படிக் கேட்கிறது என்பதிலேயே அது எங்கிருந்து வருகிறது என்ற துப்பும் இருக்கிறது.

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று இடங்களில் கேளுங்கள். முதலில், சாம்ப்ளரிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு அதே துளையில் ஹெட்போனைச் செருகுங்கள். அடுத்து, ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி) ஹெட்போனில் டைரக்ட் மானிட்டர் வழியாகக் கேளுங்கள். இந்த ஒலி மென்பொருளுக்குள் போய்வராமல் நேராக வருவது. மூன்றாவதாக, மென்பொருளில் பதிந்த கிளிப்பைக் கேளுங்கள். முதல் இடத்தில் சரியாக இருந்து இரண்டாவதில் கெட்டால் கேபிள், லெவல், மின்சாரம் இவற்றில் ஒன்று. இரண்டிலும் சரியாக இருந்து மூன்றாவதில் மட்டும் கெட்டால் அப்போது மென்பொருளைத் திறக்கலாம்.

மீட்டரே அசையவில்லை

யூஎஸ்பி கேபிள் ஒன்றை மாட்டியதுமே ஆடியோ வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ரோலண்ட் எஸ்பி-404எம்கே2 போன்றவை யூஎஸ்பி வழியாகவே ஆடியோவை அனுப்பும். கோர்க் வோல்கா சாம்பிள் 2-இல் யூஎஸ்பி துளை உண்டு, ஆனால் அது மிடிக்கும் (ஒலி அல்ல, நோட்டுகளையும் தாளத் துடிப்பையும் சொல்லும் சமிக்ஞை) சாம்பிள் மாற்றத்துக்கும்தான். ஒலி வெளியே வருவது 3.5 மில்லிமீட்டர் துளையில் மட்டும். உங்கள் கருவி எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

ஆடியோ அனுப்பும் கருவியே கணினியின் பட்டியலில் தெரியவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்களில் டேட்டா கம்பிகள் இருக்காது. விளக்கு எரியும், கருவி உயிரோடு இருக்கும், கணினிக்கோ அங்கே எதுவும் இருப்பதே தெரியாது.

பட்டியலில் தெரிகிறது, ரெக்கார்டும் ஓடுகிறது, ஆனால் அலைவடிவம் கோடு போட்டதுபோல் தட்டையாக இருக்கிறதா? மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் ப்ரைவசி பகுதிக்குப் போய் மைக்ரோஃபோன் அனுமதியைப் பாருங்கள். சாம்ப்ளருக்கும் மைக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இயங்குதளத்துக்கு எல்லா ஆடியோ இன்புட்டும் மைக்தான். அனுமதி இல்லையென்றால் பிழைச்செய்தி ஏதும் காட்டாமல் மௌனத்தைப் பதிந்து கொடுக்கும். விண்டோஸிலும் இதேபோல டெஸ்க்டாப் செயலிகளுக்கு மைக் அனுமதி என்று ஒரு சுவிட்ச் உண்டு.

அதுவும் சரியாக இருந்தால், ட்ராக்கின் இன்புட் எந்தச் சேனலில் இருக்கிறது, ரெக்கார்ட் பட்டன் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏபிள்டன் லைவில் இன்னும் ஒரு படி கூடுதல்: ஆடியோ செட்டிங்ஸில் இன்புட் கான்ஃபிக் திறந்து, வேண்டிய ஜோடியை அங்கே ஆன் செய்தால்தான் அது ட்ராக்கின் பட்டியலிலேயே தோன்றும்.

கிக்கும் குரலும் காணோம், ரிவெர்ப் மட்டும் மிதக்கிறது

கேட்டதும் ஏதோ எஃபெக்ட் போட்டதுபோல் இருக்கும். நடுவில் இருந்தவை எல்லாம் வற்றிப்போய், ஓரங்களில் இருந்த ஸ்டீரியோ எக்கோவும் அகலமாகப் பரவும் சின்த் ஒலியும் மட்டும் எஞ்சி நிற்கும். இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றேதான்: சாம்ப்ளரின் ஸ்டீரியோ அவுட்டை ஒற்றை டிஆர்எஸ் கேபிளால் இன்டர்ஃபேஸின் ஒரு பேலன்ஸ்டு இன்புட்டில் செருகியிருக்கிறீர்கள்.

பிளக்கை உற்றுப் பாருங்கள். இரண்டு கறுப்புக் கோடுகள், மூன்று உலோகப் பகுதிகள்: நுனி, நடு வளையம், அடித்தண்டு. சாம்ப்ளரைப் பொறுத்தவரை நுனி இடது, வளையம் வலது. அதே பிளக்கை பேலன்ஸ்டு இன்புட் வேறு விதமாகப் படிக்கிறது. நுனியில் வருவது ஒலி, வளையத்தில் வருவது அதன் தலைகீழ்ப் பிரதி என்று எடுத்துக்கொண்டு, நுனியிலிருந்து வளையத்தைக் கழிக்கிறது. நீளமான கேபிளில் ஏறும் இரைச்சலை நீக்குவதற்கான ஏற்பாடு இது. நடுவில் வைத்த கிக் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால் 1 கழித்தல் 1, மிச்சம் பூஜ்யம். இடது ஓரத்தில் வைத்த ஹை-ஹேட் 1 கழித்தல் 0, முழுதாக வரும். ரிவெர்ப் இரு பக்கமும் வேறுவேறாக இருப்பதால் தப்பிக்கிறது.

உறுதி செய்ய வழி எளிது: கிக் இருக்கும் பேடை (தட்டி ஒலிக்கவைக்கும் பொத்தான்) முழு இடதுக்கு பேன் செய்யுங்கள், அதாவது இடது பக்கம் மட்டும் ஒலிக்கும்படி தள்ளுங்கள். கிக் திரும்பி வந்துவிட்டால் நோய் இதுதான்.

தேவை ஒரு ஒய் கேபிள்: ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக், மறுமுனையில் இரண்டு 6.35 மில்லிமீட்டர் மோனோ பிளக். அவற்றை இன்புட் 1, 2 இரண்டிலும் மாட்டி, மென்பொருளில் 1/2 என்ற ஸ்டீரியோ ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். இன்டர்ஃபேஸில் ஒரே ஒரு லைன் இன்புட்தான் என்றால், சாம்ப்ளரில் மோனோ அவுட்புட் உண்டா என்று பாருங்கள். பெரிய ஜாக் உள்ள கருவிகளில் எல்/மோனோ என்று எழுதிய துளையில் மட்டும் மாட்டினால் இரு பக்கமும் கலந்து வரும். இடது, வலது கம்பிகளை நேரடியாக முறுக்கிச் சேர்ப்பது மட்டும் வேண்டாம். இரண்டு ஆம்ப்ளிஃபையர்களும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும், ஒலி திரியும், அவுட்புட்டுக்கும் நல்லதல்ல.

இப்படிப் பதிந்துவிட்ட டேக்கை மீட்க முடியுமா என்றால், முடியாது. கழிந்துபோன கிக் அந்தக் கோப்பில் எங்கும் இல்லை. ஈக்யூவைத் திருகி நேரத்தை வீணாக்காமல் மறுபடி பதியுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் வருகிறது

ட்ராக் மோனோவாக, இன்புட் 1 மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வலது பக்கம் பதியாது. ஒய் கேபிளில் ஒரு பிளக் முழுதாக அமரவில்லை என்றாலும் இதேதான். ஸ்டீரியோ துளையில் மோனோ பிளக் செருகியிருந்தால் வளையம் அடித்தண்டோடு ஒட்டிப்போய், வலது சேனல் ஷார்ட் ஆகிக் கிடக்கும். உடனே கழற்றுங்கள். ஃபோனுக்கான நாலு பகுதி பிளக் உள்ள கேபிள்களையும் தவிருங்கள். சில துளைகளில் அவை பாதித் தொடர்பில் நின்று, கையால் தொட்டால் வருவதும் விட்டால் போவதுமாக ஆட்டம் காட்டும்.

இடது, வலது இரண்டையும் தனித்தனி மோனோ ட்ராக்குகளில் பதிந்திருந்தால் பேனை இரு ஓரங்களுக்கும் தள்ளுங்கள். நடுவிலேயே விட்டுவிட்டு ஸ்டீரியோ போய்விட்டது என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது.

பாக்கெட் ஆப்பரேட்டர் வகைக் கருவிகளில் ஒரு பக்கம் இசையும் மறு பக்கம் டிக் டிக் என்று ஓசையும் வந்தால் அது பழுதல்ல. சிங்க் (கருவிகள் ஒரே தாளத்தில் ஓடுவதற்கான ஒத்திசைவு) பயன்முறை எஸ்ஒய்1, எஸ்ஒய்3, எஸ்ஒய்5 இவற்றில் ஒன்றில் நிற்கிறது. ஒரு சேனலை சிங்க் துடிப்புக்குக் கொடுத்துவிட்டு இசையை மோனோவாக மறு சேனலில் அனுப்புகிறது. எஸ்ஒய்0-க்கு மாற்றினால் ஸ்டீரியோ திரும்பும்.

சத்தம் மெலிந்திருக்கிறது, அல்லது கரகரக்கிறது

இன்டர்ஃபேஸில் மைக், லைன், இன்ஸ்ட்ருமென்ட் என்று மூன்று நிலைகள் இருந்தால் சாம்ப்ளருக்கு லைன். இன்ஸ்ட்ருமென்ட் நிலை கிடாருக்கானது, அதில் சாம்ப்ளரின் ஒலி எளிதில் கரகரக்கும். 48 வோல்ட் பாண்டம் பவரும் அணைந்திருக்கட்டும்.

சிறிய கருவிகள் தரும் லெவல் பெரிய ஸ்டூடியோக் கருவிகளைவிடக் குறைவு. வீட்டு உபயோகக் கருவிகளின் அளவுகோலான −10 டிபிவி என்பது சுமார் 0.316 வோல்ட். ஸ்டூடியோ அளவுகோலான +4 டிபியூ சுமார் 1.23 வோல்ட். இடைவெளி கிட்டத்தட்ட 12 டெசிபெல். ஆகவே இன்புட் கெயினைக் கொஞ்சம் ஏற்றவேண்டி வருவது இயல்பு. ஹெட்போன் துளையிலிருந்து எடுக்கும்போது சாம்ப்ளரின் வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, மிச்சத்தை இன்டர்ஃபேஸ் கெயினால் சரிசெய்யுங்கள். வால்யூமைக் கால் பங்கில் வைத்துவிட்டு கெயினை உச்சத்துக்கு ஏற்றினால் சாம்ப்ளரின் சொந்த இரைச்சலும் சேர்ந்து பெருகும். 24 பிட்டில் பதியும்போது உச்சம் −12க்கும் −6 டிபிஎஃப்எஸ்-க்கும் (0 தான் டிஜிட்டல் உச்ச வரம்பு) இடையில் இருந்தால் போதும். சிவப்பு விளிம்பைத் தொடவேண்டிய அவசியமே இல்லை.

கரகரப்பு எங்கே பிறக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கிக்கின் அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்குங்கள். அலையின் தலை கத்தியால் சீவியதுபோல் தட்டையாக, சரியாக 0 கோட்டில் நின்றால் இன்டர்ஃபேஸ் நிரம்பி வழிந்திருக்கிறது, கெயினை இறக்குங்கள். அதே தட்டை −9 போல ஒரு கீழ்மட்டத்தில் இருந்தால், ஒலி இன்டர்ஃபேஸுக்கு வரும் முன்பே வெட்டுப்பட்டுவிட்டது. நாலைந்து பேடுகள் ஒரே நேரத்தில் ஒலித்து சாம்ப்ளரின் உள் மிக்ஸ் நிரம்பியிருக்கும். இங்கே கெயினை எவ்வளவு இறக்கினாலும் தட்டை தட்டையாகவேதான் இருக்கும். ஒவ்வொரு பேடின் லெவலையும் சாம்ப்ளருக்குள் இறக்க வேண்டும்.

ரீங்காரம், கீச்சொலி

இதில் இரண்டு வகை. தாழ்ந்த ஹம் ஒலி 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் வரும், மின் இணைப்பின் அலைவெண் அது. மெல்லிய உயர்ந்த கீச்சொலி, மவுஸை அசைத்தால் குரல் மாறுவது, கணினியிலிருந்து யூஎஸ்பி வழியே வருவது. யூஎஸ்பி டேட்டா 1 மில்லிசெகண்டுக்கு ஒரு சட்டகமாகப் போவதால் 1 கிலோஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் இந்தக் கீச்சு உட்காரும். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் 1000, 2000, 3000 என்று ஊசிகள் வரிசையாக நின்றால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

இரண்டுக்கும் பெரும்பாலும் அடிப்படை ஒன்றே. சாம்ப்ளர் கணினியோடு இரண்டு வழிகளில் கிரவுண்ட் (எர்த்) இணைப்பைப் பகிர்கிறது: ஆடியோ கேபிள் வழியாக ஒன்று, யூஎஸ்பி அல்லது அடாப்டர் வழியாக இன்னொன்று. இந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் ஒலியாகக் கேட்கிறது. சோதனை: யூஎஸ்பி கேபிளைக் கழற்றி, சாம்ப்ளரை பேட்டரியில் ஓட்டுங்கள். ஓசை நின்றுவிட்டால் வளையம் உறுதி.

பேட்டரியிலேயே பதிவதுதான் செலவில்லாத தீர்வு. யூஎஸ்பியில்தான் மின்சாரம் எடுக்கும் கருவி என்றால் கணினியை விட்டு பவர் பேங்க்கில் மாட்டுங்கள். மிடி சிங்க்குக்காக யூஎஸ்பி தேவைப்பட்டால், ஆடியோ கேபிளின் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றைச் சேர்க்கலாம். மலிவானவற்றில் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் ஆழ்ந்த பேஸ் மெலியும். யூஎஸ்பி ஐசொலேட்டரும் உண்டு, ஆனால் பலவும் 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். மிடிக்கு அது தாராளம். அதிவேக இணைப்பு கேட்கும் ஆடியோக் கருவிக்குப் போதாது. அடாப்டரின் எர்த் முனையை வெட்டுவது மட்டும் கூடவே கூடாது. ஹம் போகலாம், பாதுகாப்பும் சேர்ந்தே போகும்.

சுருதியும் வேகமும் மாறிவிட்டன

90 பிபிஎம் பீட் 98 ஆக ஓடுகிறது, சுருதி ஒன்றரை அரைச்சுரம் ஏறியிருக்கிறது. அல்லது 82.7 ஆகத் தொய்ந்து சுருதி இறங்கியிருக்கிறது. இந்த எண்களைப் பார்த்ததும் 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் குழப்பம் என்று முடிவு கட்டிவிடலாம். ஒரு சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்) பதிந்த கோப்பு இன்னொன்றாகப் படிக்கப்படுகிறது. எஸ்பி-404எம்கே2-இன் ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ். யூஎஸ்பியில் பதியும்போது ப்ராஜெக்ட்டையும் 48க்கு வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஏற்கெனவே பதிந்த கோப்பில் ஒலி கெட்டுப்போகவில்லை, சரியான ரேட்டாகத் திறந்தால் பழைய சுருதி திரும்பும்.

சடசடப்பு

சடசடப்பு ஒழுங்கற்று, கணினி மூச்சு வாங்கும்போது வந்தால் பஃபர் (ஒலியைக் கணினி சேர்த்துவைத்துக் கையாளும் தற்காலிக இடம்) போதவில்லை. 64லிருந்து 256 சாம்பிளுக்கு (இங்கே சாம்பிள் என்பது ஒலியின் ஒரு அளவீட்டுப் புள்ளி) ஏற்றுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்பது 5.3 மில்லிசெகண்டுதான், பதிவுக்கு எந்தக் கேடும் இல்லை. யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேராகக் கணினியில் மாட்டுங்கள்.

கடிகாரம்போல் சீரான இடைவெளியில் ஒரு சொடுக்கு வந்தால் கதை வேறு. சாம்ப்ளரிலிருந்து பதிந்து இன்டர்ஃபேஸில் கேட்கும்போது இரண்டு தனித்தனிக் க்ளாக்குகள் ஓடுகின்றன. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே 48 கிலோஹெர்ட்ஸில் நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு சாம்பிள் கூடும், அல்லது குறையும். மேக்கில் ஆடியோ மிடி செட்டப்பில் இரண்டையும் அக்ரிகேட் கருவியாக இணைத்து, இன்டர்ஃபேஸை க்ளாக்காக வைத்து, சாம்ப்ளருக்கு மட்டும் டிரிஃப்ட் கரெக்ஷனை டிக் செய்யுங்கள். விண்டோஸில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு ஏஎஸ்ஐஓ டிரைவர் (ஒலிக்கருவியோடு பேசும் மென்பொருள்) தான். பதியும் வரை சாம்ப்ளரையே இன்புட், அவுட்புட் இரண்டுக்கும் வைத்து, ஹெட்போனையும் அதிலேயே மாட்டிக்கொள்வது தலைவலி குறைந்த வழி.

குழாய்க்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது

டைரக்ட் மானிட்டரும் மென்பொருள் மானிட்டரும் ஒன்றாக ஆன் ஆகியிருக்கின்றன. ஒரே ஒலி 5 மில்லிசெகண்ட் தள்ளி இரண்டு முறை வந்தால் 100 ஹெர்ட்ஸ் விழுந்துவிடும், அதற்கு மேல் 300, 500 என்று வரிசையாகப் பள்ளங்கள். ஒன்றை அணையுங்கள். பதிந்த கோப்பில் இந்தக் குறை இருக்காது.

யூஎஸ்பியில் கணினியின் ஒலி சாம்ப்ளருக்குள்ளும் போகும் என்பதால், மானிட்டர் ஆன் ஆன ட்ராக் தன் ஒலியைத் தானே தின்று ஊளையிடலாம். அப்படியானால் முதல் வேலை ஹெட்போனைக் காதிலிருந்து எடுப்பது, பிறகு ட்ராக் மானிட்டரை ஆஃப் செய்வது.

தாளம் பொருந்தவில்லை

முதலில் எந்த விதமாகப் பொருந்தவில்லை என்று பாருங்கள். பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கிக்கை கிரிடோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் லேட்டன்சி (ஒலி போய்வரும் தாமதம்). இன்டர்ஃபேஸின் அவுட்டிலிருந்து இன்னுக்கு ஒரு கேபிளைப் போட்டு, ஒரு கிளிக்கை ஒலிக்கவிட்டுப் பதியுங்கள். பதிந்த கிளிக் 214 சாம்பிள் தாமதமாக வந்தால் மென்பொருளின் ரெக்கார்டிங் ஆஃப்செட்டில் அந்த 214-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். ரீப்பரில் ரெக்கார்டிங் செட்டிங்ஸிலும் லைவில் டிரைவர் எரர் காம்பன்சேஷனிலும் இது இருக்கிறது; லைவில் மட்டும் மில்லிசெகண்டாக மாற்றிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகும் சாம்ப்ளர் தாமதித்தால், அது மிடி க்ளாக்கின் தாமதம். அதற்கென்று உள்ள சிங்க் டிலேயில் மைனஸ் மதிப்பு கொடுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைக்கும்.

போகப் போக விலகினால் சாம்ப்ளர் தன் சொந்த வேகத்தில் ஓடுகிறது. திரையில் 92 என்று காட்டும், உள்ளே 92.3 ஆக இருக்கலாம். அந்த 0.3 போதும், ஒரு நிமிடத்தில் சுமார் 195 மில்லிசெகண்ட் விலகிவிடும். மிடி க்ளாக்கை மென்பொருளிலிருந்து அனுப்பி, சாம்ப்ளரின் சிங்க்கை எக்ஸ்டர்னலுக்கு மாற்றுங்கள். மெமரியில் நீண்ட லூப்பாக இருக்கும் சாம்பிள் பொதுவாக மிடி க்ளாக்கைப் பின்பற்றாது என்பதையும் மறக்க வேண்டாம். பேட்டர்ன் தாளத்தில் ஓடும், நாலு பார் லூப் மட்டும் தன் போக்கில் போகும். அதை நறுக்கித் துண்டுகளாக ட்ரிகர் செய்யுங்கள்.

முன்னும் பின்னும் நடுங்கினால் அது க்ளாக்கின் நடுக்கம். மிடி க்ளாக் கால் சுரத்துக்கு 24 துடிப்பு, 120 பிபிஎம்மில் 20.8 மில்லிசெகண்டுக்கு ஒன்று. கணினி வேறு வேலையில் இருக்கும்போது அந்தத் துடிப்புகள் முன்பின்னாகப் போகும். முதல் அடி எப்போதுமே தடுமாறக்கூடியது, ஆகவே ஒரு வெற்றுப் பாரை முன்னால் விட்டுவிட்டுப் பதியுங்கள். வோல்கா போல துடிப்பு சிங்க் ஏற்கும் கருவிக்கு கால் சுரத்துக்கு 2 துடிப்பு என்ற ஆடியோ கிளிக்கை இன்டர்ஃபேஸின் தனி அவுட்டிலிருந்து அனுப்பினால் நடுக்கம் வெகுவாகக் குறையும். ஆடியோவாகப் போவதால் அது சாம்பிள் துல்லியத்தில் போகும்.

தனித்தனியாகப் பதிந்து சேர்த்தால் முழு பீட்டுபோல் இல்லை

ஸ்டீரியோ அவுட் மட்டும் உள்ள கருவியில் கிக், ஸ்னேர், சாம்பிள் என்று ஒவ்வொன்றாக ம்யூட் செய்து பல சுற்றுகளில் பதிவது வழக்கம். ஒவ்வொரு சுற்றும் சில மில்லிசெகண்ட் வேறுபட்டுத் தொடங்கும். அதனால் பேட்டர்னுக்கு முன்னால் உள்ள காலியான பாரின் முதல் ஸ்டெப்பில் ஒரு கூர்மையான ரிம்ஷாட்டை வையுங்கள், அதை எந்தச் சுற்றிலும் ம்யூட் செய்யாதீர்கள். பதிந்தபின் எல்லா ட்ராக்கிலும் அந்த ரிம்ஷாட்டின் முதல் விளிம்பைப் பெரிதாக்கி ஒரே கோட்டில் நிறுத்துங்கள், பிறகு அதை வெட்டி எறியுங்கள்.

நேரம் பொருந்தியும் ஒலி பொருந்தவில்லை என்றால் காரணம் சாம்ப்ளரின் மாஸ்டர் எஃபெக்ட். கிக் அடிக்கும்போதெல்லாம் மற்றவற்றை அமுக்கி எழுப்பும் கம்ப்ரெஸர், கிக் இல்லாத சுற்றில் அமுக்க எதுவுமில்லாமல் சும்மா இருக்கிறது. அந்த மூச்சுதான் பீட்டின் சுவையே, அது போய்விடும். சோக் குழுவும் (ஒன்று ஒலித்தால் மற்றது அறுபடும் பேடுகள்) இப்படித்தான்: மூடிய ஹை-ஹேட்டைத் தனிச் சுற்றுக்கு ஒதுக்கி ம்யூட் செய்தால், அதனால் வெட்டுப்படவேண்டிய திறந்த ஹை-ஹேட் வால் நீண்டு ஒலிக்கும். சோக் குழுவில் உள்ளவற்றை ஒரே சுற்றில் பதியுங்கள். மாஸ்டர் எஃபெக்ட்டை அணைத்துத் தனித்தனியாகப் பதிந்து கம்ப்ரெஷனை மென்பொருளில் போடலாம், அல்லது முழு பீட்டையும் எஃபெக்ட்டோடு ஒரே ஸ்டீரியோ டேக்காக எடுக்கலாம். இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. இரண்டே நிமிடம்தான், முழு டேக் ஒத்துப்பார்க்கவும் கைகொடுக்கும்.

பேட் ஒரு முறை தட்டினால் இரு முறை ஒலிக்கிறது

மிடி வட்டமடிக்கிறது. சாம்ப்ளர் அனுப்பும் நோட் மென்பொருளின் மிடி ட்ராக்குக்குள் போய், அதே போர்ட் வழியாகத் திரும்பி வந்து பேடை மறுபடி அடிக்கிறது. அந்த ட்ராக்கின் மானிட்டரை அணையுங்கள், அல்லது மிடி அவுட்டை நீக்குங்கள். க்ளாக் மட்டும் தேவை என்றால் அந்த போர்ட்டில் சிங்க்கை மட்டும் விட்டு, ட்ராக் அனுமதியை எடுத்துவிடலாம். விண்டோஸில் மிடி போர்ட்டே திறக்க மறுத்தால் சாம்ப்ளரின் கோப்பு மேலாளர் செயலியோ, அதே போர்ட்டைப் பிடித்திருக்கும் பிரவுசர் பக்கமோ பின்னால் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய மிடி முறையில் பல டிரைவர்கள் ஒரு போர்ட்டை ஒரு செயலிக்கு மேல் கொடுப்பதில்லை. அதை மூடிவிட்டு மென்பொருளை மறுபடி திறந்தால் போதும்.